மோட்டார் சைக்கிள் பயணத்தில் இரவுத் தங்கல்: ஹேமக்கா, கூடாரமா?

"தனியாக மோட்டார் சைக்கிளில் பத்து நாள் கிளம்புகிறேன். வண்டியில் சாமான் கட்ட இடம் குறைவு. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுப் படுக்கும் துணியான ஹேமக் கையளவுக்கு மடங்கிவிடும் என்கிறார்கள். கூடாரத்தை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பிப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு இரவும் எங்கே தங்கப் போகிறீர்கள் என்பது இப்போதே தெரியாவிட்டால், கூடாரத்தை எடுத்துச் செல்லுங்கள். பாதை முழுவதும் மரங்கள் அடர்ந்த பகுதி என்பது உறுதியாகத் தெரிந்து, தொங்கும் துணியில் படுக்க உங்கள் முதுகும் சம்மதித்தால் ஹேமக்கை எடுத்துச் செல்லலாம். நான் இரண்டிலும் பல இரவுகள் தூங்கியிருக்கிறேன். நல்ல காட்டில் நன்றாகக் கட்டிய ஹேமக்கில் வரும் தூக்கத்தை எந்தக் கூடாரமும் எனக்குத் தந்ததில்லை. அப்படியிருந்தும் உங்களுக்கு ஏன் கூடாரத்தைச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹேமக் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி நடைப்பயணிகள் சொன்னவை. அவர்களுக்கு அது முற்றிலும் சரி. நடப்பவர் ஒரு நாளில் இருபது கிலோமீட்டர் போவார். காலையில் எந்தக் காட்டில் எழுந்தாரோ, பெரும்பாலும் அதே காட்டில்தான் மாலையில் படுப்பார். நீங்கள் ஒரு நாளில் முந்நூறு கிலோமீட்டர் போவீர்கள். காலையில் மரநிழலில் எழுந்திருப்பீர்கள். மாலையில் உங்களைச் சுற்றி வெறும் புல்வெளி இருக்கலாம், அறுவடை முடிந்த வயல் இருக்கலாம், மரம் வளராத உயரத்தில் ஒரு கணவாய் இருக்கலாம், கடற்கரை இருக்கலாம். மரங்கள் இருந்தாலும் சில முகாம் இடங்களில் அவற்றில் கயிறோ பட்டையோ கட்டக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஓட்டிக் களைத்து, வெளிச்சம் இறங்கும் நேரத்தில் இது தெரிய வந்தால், இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போய்ப் பார்ப்போம் என்று தோன்றும். அந்த ஐம்பது கிலோமீட்டர்தான் ஆபத்தானது.

அடுத்து, அந்தக் கையளவு மடிப்பு. துணியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உண்மைதான். அரைக் கிலோ எடையில் ஒரு சொம்பு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் பகல் தூக்கத்துக்குத்தான் அது போதும். இரவு முழுக்கத் தங்க வேண்டுமென்றால் மரத்தில் சுற்றும் பட்டைகள், கொசுவலை, மேலே கட்டும் தார்ப்பாய், அதற்கான கயிறுகளும் முளைகளும், குளிருக்கு அடியில் மாட்டும் போர்வை எல்லாம் வேண்டும். அனைத்தையும் கூட்டினால் இரண்டு முதல் இரண்டரைக் கிலோ வரை வந்துவிடும். நல்ல ஒற்றை ஆள் கூடாரமும் கீழே விரிக்கும் மெத்தையும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே எடைதான். எடையில் ஹேமக்குக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

வடிவத்தில் சலுகை உண்டு. கூடாரத்தின் கழிகள் மடித்த பிறகும் 45, 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பல பக்கவாட்டுப் பெட்டிகளில் அவை நுழையாது. பின்னிருக்கையில் குறுக்காகக் கட்ட வேண்டியிருக்கும். ஹேமக்கில் விறைப்பான பொருள் எதுவும் இல்லை என்பதால் பைகளுக்கிடையே உள்ள சந்துகளில் அதைத் திணித்துவிடலாம். உங்கள் கவலை இதுதான் என்றால், 30 சென்டிமீட்டர் அளவுக்கு மடியும் குட்டைக் கழிகளுடன் சைக்கிள் பயணிகளுக்காகவே செய்த கூடாரங்கள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் அளவு கழியின் மடிப்பு நீளம். கழிகளைத் துணியிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டினாலும் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

இனி மரங்கள். ஹேமக்கில் தூங்குவது எளிது, கட்டுவதற்கான இடம் தேடுவதுதான் வேலை. இரண்டு மரங்களுக்கும் இடையே நான்கு முதல் ஐந்து மீட்டர் இருக்க வேண்டும். அடிமரம் குறைந்தது 15 சென்டிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும், உயிருள்ள மரமாகவும் இருக்க வேண்டும். கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தலைக்கு மேல் தொங்கினால், மற்ற எல்லாம் பொருந்தி வந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இரவுக் காற்றில் அது விழுவதற்கு முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. கூடாரம் போடுபவருக்கும் இதே எச்சரிக்கைதான். ஆனால் ஹேமக்கில் இருப்பவர் தன் எடையையே அந்த மரத்தில் ஏற்றுகிறார். ஒவ்வொரு அசைவும் மரத்துக்குப் போகிறது.

பட்டையை எந்தச் சாய்வில் கட்டுவது என்பதில்தான் புதியவர்கள் மிக அதிகமாகத் தவறுகிறார்கள். தொய்வில்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டினால் உடல் சமமாகப் படுக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறானது. பட்டை கிடைக்கோட்டிலிருந்து 30 டிகிரி இறங்கியிருந்தால், 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பட்டையிலும் ஏறக்குறைய 80 கிலோ இழுவிசை விழும். அதே ஆள் 10 டிகிரியில் கட்டினால் ஒவ்வொரு பட்டையிலும் சுமார் 230 கிலோ. 5 டிகிரி என்றால் சுமார் 460 கிலோ. தையல் விடுவதும் கொக்கி நெளிவதும் மெல்லிய மரம் வளைவதும் இப்படித்தான். அதோடு, விறைப்பாகக் கட்டிய ஹேமக் இரண்டு ஓரமும் உயர்ந்து தோள்களை நெரிக்கும். வாழைப்பழத் தோலுக்குள் படுத்த மாதிரி இருக்கும்.

தொய்வாகக் கட்டி, மூலைவிட்டமாகப் படுப்பதுதான் வழி. தலை சற்று இடப்பக்கம், கால் சற்று வலப்பக்கம், அல்லது அதற்கு மாறாக. நடுக்கோட்டிலிருந்து 25 டிகிரி அளவுக்கு உடலைத் திருப்பினால் துணி உங்களுக்குக் கீழே விரிந்து, முதுகு கிட்டத்தட்டச் சமமாகிவிடும். இதற்குத் துணி நீளமாக இருக்க வேண்டும், 3.3 மீட்டருக்குக் குறைந்ததை இரவுத் தூக்கத்துக்கு வாங்காதீர்கள். தோட்டத்தில் கட்டிப் படிக்கும் குட்டை ஹேமக்கில் ஓர் இரவு தூங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒத்துவரவில்லை" என்று முடிவு செய்தவர்கள் பலர். அவர்களுக்கு ஒத்துவராதது அந்த நீளம். தொய்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அமைய, ஹேமக்கின் இரு முனைகளையும் இணைத்து ஒரு கயிறு கட்டுவார்கள். அதன் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம், 3.3 மீட்டர் துணிக்குச் சுமார் 2.75 மீட்டர். ஒருமுறை அளந்து முடிச்சுப் போட்டுவிட்டால் மரங்கள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் தொய்வு மாறாது.

மரத்தில் சுற்றுவதற்கு மெல்லிய கயிறு வேண்டாம். அது மரப்பட்டையை அறுத்து, அதன் அடியில் உணவு ஓடும் உயிருள்ள அடுக்கைக் காயப்படுத்தும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமான பட்டைகள் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் இன்னும் நல்லது. பாலியெஸ்டர் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். நைலான் ஈரத்தில் நீளும். படுக்கும்போது நாற்காலி உயரத்தில் இருந்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

உடனே எழும் கேள்வி: ஒரு மரம்தான் இருக்கிறது, மறுமுனையை வண்டியில் கட்டலாமா? கட்டாதீர்கள். 30 டிகிரியில் சரியாகக் கட்டினால்கூட, 80 கிலோ ஆள் படுத்ததும் கிட்டத்தட்ட 70 கிலோ பக்கவாட்டு விசை வண்டியை இழுக்கும். சைட் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி அப்படிப்பட்ட இழுப்பைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. நான் ஒரு தடவை இப்படிக் கட்டி, உட்கார்ந்து மட்டும் பார்த்தேன். வண்டியின் ஒரு பக்கம் மெதுவாகத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கிச் சாய்ந்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. படுத்திருந்தால் இருநூறு கிலோ என் கால்மேல் விழுந்திருக்கும். தார்ப்பாயின் ஒரு மூலையைக் கைப்பிடியில் கட்டலாம், அதில் பெரிய எடை எதுவும் இல்லை. உங்கள் உடலின் எடையை மட்டும் வண்டியில் ஏற்றக்கூடாது.

குளிரைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. தரையில் படுக்கும்போது குளிர் வருவது மண்ணிலிருந்து. ஹேமக்கில் உங்களுக்கு அடியில் காற்று ஓடுகிறது, அது உடலின் சூட்டை ஓயாமல் களவாடிக்கொண்டே இருக்கும். உறக்கப் பைக்குள் இருக்கிறோமே என்று நினைப்பீர்கள். பையின் கதகதப்பு அதன் பஞ்சுக்குள் தங்கியிருக்கும் காற்றால் வருவது. உங்கள் எடையில் முதுகுப்புறப் பஞ்சு நசுங்கிவிட்டால் அங்கே காப்பு இல்லை. வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பலருக்கு இடுப்பு குளிரத் தொடங்கிவிடும். என் முதல் ஹேமக் இரவில், மேலே வேர்த்து, கீழே நடுங்கி, இரண்டு மணிக்கு எழுந்து, ஓட்டும்போது போடும் ஜாக்கெட்டை முதுகுக்கடியில் திணித்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தேன். மறுநாள் வளைவுகளில் என் கவனம் எவ்வளவு தாமதமாக வேலை செய்தது என்பதை நானே உணர்ந்தேன். பத்து மணிக்கே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மர நிழலில் தூங்கினேன்.

இதற்குச் சரியான மருந்து அடிப்போர்வை. ஹேமக்குக்கு வெளியே, அடியில் ஒட்டினாற்போல் தொங்கும். உடல் எடை அதன்மேல் விழாததால் பஞ்சு நசுங்காது. தரையில் விரிக்கும் மெத்தையையே ஹேமக்குக்குள் போட்டும் சமாளிக்கலாம், ஆனால் இரவில் அது நழுவிக்கொண்டே இருக்கும். இரட்டை அடுக்குத் துணியுள்ள ஹேமக்கில் இரண்டு அடுக்குக்கும் நடுவே மெத்தையைச் செருகினால் நழுவுவது குறையும். மெத்தையோ அடிப்போர்வையோ இல்லாத ஹேமக்கில் கொசுக்கள் துணி வழியாகவே முதுகில் கடிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே மட்டும் வலை கட்டினால் போதாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, ஹேமக் எங்கே வெல்கிறது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

மழை. கொட்டும் மழையில் ஓரிடத்துக்கு வந்து சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தார்ப்பாயைக் கட்டிவிடலாம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய் என்றால் அதன் கீழே நின்றபடி நனைந்த ஜாக்கெட்டைக் கழற்றலாம், உலர்ந்த பையைத் திறக்கலாம், உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றலாம், பிறகு நிதானமாக ஹேமக்கைக் கட்டலாம். பல கூடாரங்களில் உள்கூட்டை முதலில் நிறுத்தி, அதன்மேல்தான் வெளித்துணியைப் போட வேண்டும். நீங்கள் கழி செருகி முடிப்பதற்குள் உள்ளே குளம் கட்டியிருக்கும். காலையில் கிளம்பும்போதும் ஹேமக்கை உலர்ந்த நிழலில் மடித்துவிட்டு, கடைசியாகத் தார்ப்பாயை மட்டும் ஈரத்தோடு சுருட்டலாம். மழையில் பட்டை வழியாகத் தண்ணீர் வழிந்து ஹேமக்குக்குள் வராமலிருக்க, தார்ப்பாயின் நிழலுக்குள் இருக்கும் பட்டைப் பகுதியில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். நீர் அதன் வழியே சொட்டிவிடும்.

அடுத்தது நிலம். சரிவு, வேர்கள், கல், சேறு என்று எங்கும் ஆறடிச் சமதரை இல்லாத காடுகள் உண்டு. அங்கே கூடாரம் வைத்திருப்பவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு அலைவார். ஹேமக் வைத்திருப்பவருக்குத் தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை. அப்படிப்பட்ட பகுதிக்கு மட்டுமே போகிறீர்கள் என்றால் நான் சொன்ன தீர்ப்பைத் திருப்பிப்போட்டுக்கொள்ளுங்கள்.

உடல் விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். நாள் முழுக்கக் குனிந்து ஓட்டிய முதுகுக்கு ஹேமக் சிலருக்கு வரம். மல்லாந்து படுப்பவர்கள் சீக்கிரம் பழகுவார்கள். ஒருக்களித்துப் படுப்பவர்களால் மூலைவிட்டமாகக் கொஞ்சம் சமாளிக்க முடியும். குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் பணத்தை வீணாக்க வேண்டாம். முழங்கால் பின்பக்கமாக வளைந்து வலித்தால் அதன் அடியில் ஒரு சுருட்டிய சட்டை போதும்.

கூடாரத்துக்கு வருவோம். மோட்டார் சைக்கிள்காரருக்கு அது தரும் பெரிய வசதியைப் பட்டியல்களில் யாரும் எழுதுவதில்லை. நடப்பவரிடம் ஒரே ஒரு பைதான். உங்களிடம் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், ஓட்டும் கால்சட்டை, தொட்டிமேல் பை, பக்கப் பைகள் எல்லாம் இருக்கின்றன. இரவில் இவற்றை எங்கே வைப்பீர்கள்? ஈரத்தரையில் வைத்த ஹெல்மெட்டின் உட்பஞ்சு காலையில் பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். பூட்ஸுக்குள் என்ன நுழைந்திருக்கிறது என்று உதறிப் பார்த்துத்தான் காலை விட வேண்டும். ஹேமக்கில் இவற்றையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்துத் தார்ப்பாயின் கீழ் தொங்கவிடலாம். நான் அப்படிச் செய்வதுண்டு, ஆனால் சாய்ந்தடிக்கும் மழையில் அது பலிப்பதில்லை. ஆகவே தனியாளாக இருந்தாலும் இரண்டு பேர் படுக்கும் கூடாரத்தை, முன்னால் தாழ்வாரம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் உள்ளே உங்களுக்குப் பக்கத்தில், பூட்ஸும் பைகளும் தாழ்வாரத்தில். கூடுகிற எடை அரைக் கிலோ, முக்கால் கிலோ இருக்கலாம். நடப்பவருக்கு அது பெரிய சுமை, உங்களுக்கு எஞ்சின் சுமக்கிறது.

முளை அடிக்காமலேயே நிற்கும் வகைக் கூடாரமாக இருக்கட்டும். பாறை, சரளை, சிமென்ட் தரை எல்லாவற்றிலும் நிற்கும். காற்றில் பறக்காமலிருக்க, உள்ளே பைகளைப் போட்டு, வெளியே கயிறுகளைக் கல்லில் சுற்றிவிடலாம். வெளித்துணியும் உள்கூடும் ஒன்றாகவே எழும் வகை கிடைத்தால் மழையைப் பற்றி மேலே சொன்ன குறையும் தீர்ந்துவிடும். தாழ்வான குழியில் போடாதீர்கள், மழைநீர் அங்கேதான் கூடும். அடுப்பை ஒருபோதும் உள்ளே எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வண்டியைக் கூடாரத்தை ஒட்டி நிறுத்த வேண்டாம், சூடான சைலன்சரில் துணி படபடத்து ஒட்டினால் ஒரு நொடியில் உருகிவிடும். வண்டி சாய்ந்தாலும் கூடாரத்தின்மேல் விழாத தூரத்தில் நிறுத்துங்கள். இரவு மழையில் மண் இளகி சைட் ஸ்டாண்ட் புதைவது அடிக்கடி நடக்கும். அதன் அடியில் ஒரு தட்டையான கல்லோ பலகைத் துண்டோ வையுங்கள்.

இடி மின்னலில் இரண்டுமே பாதுகாப்பு அல்ல. மழை மட்டும் என்றால் படுத்திருக்கலாம். மின்னல் நெருங்கினால் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, ஹேமக்கை விட மனமில்லாதவர்களுக்கு நான் சொல்வது அதுதான். ஹேமக், நல்ல தார்ப்பாய், ஊதும் மெத்தை, ஒரு தரைவிரிப்பு ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். மரம் இருந்தால் மெத்தையை ஹேமக்குக்குள் போட்டுத் தொங்குங்கள். மரம் இல்லாவிட்டால் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சைலன்சர் ஆறிய பிறகு தார்ப்பாயின் ஒரு விளிம்பை வண்டிமேல் போட்டுக் கட்டி, மறுவிளிம்பைத் தரையில் முளையடித்து, நடுவே மெத்தையில் படுத்துக்கொள்ளுங்கள். கொசுவலை ஹேமக்கிலிருந்து தனியாகக் கழன்று வரும் வகையாக இருந்தால் அதையும் மேலே தொங்கவிடலாம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் சாய்ந்திருக்கும் பக்கத்தில் படுக்காதீர்கள். ஓர் இரவுக்கு இது தாராளமாகப் போதும். தொடர்ந்து மூன்று இரவு மழையில் போதாது.

எதை வாங்கினாலும் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு இரவுகள் அதில் தூங்கிப் பாருங்கள், அதில் ஓர் இரவாவது குளிரான இரவாக இருக்கட்டும். இருட்டில் விளக்கில்லாமல் ஒருமுறை கட்டிப் பாருங்கள். பிறகு பத்து நாள் சாமான்களையும் முழுதாக வண்டியில் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கூடாரமோ தார்ப்பாயோ, பையின் அடியில் போகக்கூடாது. மற்ற எதையும் திறக்காமல் கையில் எடுக்கும்படி, நீர் புகாத தனிப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். ஈரமாக மடித்த துணியை மதிய இடைவேளையில் வண்டிமேல் விரித்துவிட்டால் சாப்பிட்டு முடிப்பதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.